முழியன் குட்டைக்கு வந்த விருந்தாளிகள்

ஆறு கடலோடு போய்ச் சேருகிற இடத்தில் ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அந்தக் காட்டுக்குள் ஒரு குட்டை. குட்டையைக் கட்டிக் காத்தவன் முழியன் என்கிற உளுவை மீன்.

உளுவையைப் பார்த்திருப்பீர்கள். சேற்றில் தத்தித் தத்திப் போகும். கண் இரண்டும் தலை உச்சியில் பிதுங்கிக்கொண்டு நிற்கும். தண்ணீரிலும் இருக்கும், கரையிலும் கொஞ்ச நேரம் உலாத்தும். அதனால் தனக்கு எல்லாம் தெரியும் என்று முழியனுக்கு ஒரு நினைப்பு.

குட்டைக்கு இரண்டு வாய். மேற்கே ஆற்றுவாய், கிழக்கே கடல்வாய். இரண்டையும் சேற்றால் அடைத்து வைத்திருப்பான். விடிந்ததும் ஒரு மடக்குத் தண்ணீரைக் கன்னத்தில் அடக்கி ருசி பார்ப்பான். உப்புக் கூடியிருந்தால் ஆற்றுவாயைக் கொஞ்சம் தோண்டி விடுவான். குறைந்திருந்தால் கடல் ஏறுகிற நேரம் பார்த்துக் கடல்வாயைத் திறப்பான். ருசி சரியானதும் வாய் வாயாகச் சேறு கொண்டுவந்து அடைத்துவிடுவான்.

கடல் உப்பும் இல்லை, ஆற்றுத் தண்ணீரும் இல்லை. நடுவாந்தரமான உவர்நீர். அந்தத் தண்ணீரில்தான் அடிச்சேற்றின்மேல் பச்சைப் பாசி மெத்தை மாதிரி வளரும். அதை மேய்ந்துதான் மடவை மீனின் குஞ்சுகள் பெரிதாகும்.

அந்த வருஷம் புரட்டாசியில் தாய் மடவை நாற்பது குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“அண்ணே! தைப் பௌர்ணமிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் உங்க பொறுப்பு!”

“கவலையே படாதே தங்கச்சி! நாற்பதையும் கொழு கொழுன்னு ஒப்படைக்கிறேன்!” என்றான் முழியன்.

குட்டையில் பழைய குடி என்று சொன்னால் அது குண்டுமணி. அவள் ஒரு பேத்தை மீன். நத்தையைக் கடித்துத் தின்றுகொண்டு ஒரு மூலையில் கிடப்பாள். கோபம் வந்தால் மட்டும் உடம்பு பந்தாக ஊதிவிடும். கோபம் தீருகிறவரை இறங்காது. அந்தக் குட்டையில் மீனை மீன் தின்பதில்லை என்று ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஆகவே எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

முழியனுக்கு மட்டும் ஒரு குறை. பக்கத்து வளையில் ஒரு நண்டு இருந்தது. அது போகிற போக்கில் ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனது:

“உன் குட்டையில யாருப்பா இருக்கா? சேத்து நிறத்துல நாலு மடவைக் குஞ்சு, தொட்டா ஊதிக்கிற ஒரு பேத்தை. சொல்லிக்கிற மாதிரி ஒருத்தர் உண்டா?”

அன்றிலிருந்து முழியனுக்குச் சேறு இறங்கவில்லை.

ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் வந்தது. வெள்ளத்தோடு ஒரு விரால் மீன் குட்டைக்குள் வந்து விழுந்தது. முழ நீளம். உருண்டு திரண்ட உடம்பு. பெயர் ஆற்றரசு என்று அதுவே சொல்லிக்கொண்டது.

முழியனின் கண் இன்னும் கொஞ்சம் பிதுங்கியது. “வாங்க, வாங்க! இது உங்க குட்டை மாதிரி!”

“ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்” என்றது ஆற்றரசு.

ரெண்டு நாள் போயிற்று. ரெண்டு வாரமும் போயிற்று. கார்த்திகைப் பௌர்ணமிக்குக் கடல் பொங்கி ஏறியது. வெளியே வலைக்குப் பயந்து ஒரு பாறை மீன் உள்ளே பாய்ந்தது. உடம்பெல்லாம் வெள்ளித் தகடு. பெயர் வெள்ளித்துரை. அதுவும் ரெண்டு நாள்தான் என்றது.

ஒப்பந்தத்தை இரண்டும் ஏற்றுக்கொண்டன. “இங்கே யாரையும் தொட மாட்டோம். ஆனா சாப்பாடு நீதான் கொண்டுவரணும்!” என்றன. முழியன் சரி என்றான். அன்று முதல் காலையும் மதியமும் சேற்றில் தத்தித் திரிந்து, பூச்சியும் புழுவும் பிடித்துக் கன்னம் புடைக்கத் தூக்கி வந்தான். தன் வயிற்றுக்குத் தின்ன நேரமில்லை.

விருந்து போடுகிறவர்கள் இலையருகே குனிந்து, “உப்பு உறைப்பு சரியா இருக்கா?” என்று கேட்பார்கள் அல்லவா? முழியனும் ஒவ்வொரு நாளும் கேட்டான்: “தண்ணி எப்படி இருக்குங்க?”

“கரிக்குது!” என்றது ஆற்றரசு. “செதிலெல்லாம் எரியுது. இதுல எவனாவது இருப்பானா?”

முழியன் ஓடிப்போய் ஆற்றுவாயைத் தோண்டினான்.

“சப்புன்னு இருக்கு!” என்றது வெள்ளித்துரை. “தலை சுத்துது. இது தண்ணியா, கஞ்சித் தெளிவா?”

முழியன் ஓடிப்போய்க் கடல்வாயைத் திறந்தான்.

“திரும்பவும் கரிக்குது!”

“திரும்பவும் சப்புன்னு ஆயிடுச்சு!”

இப்படிக் கிழக்கும் மேற்குமாக ஓடி ஓடி முழியனின் துடுப்பு தேய்ந்தது. கடைசியில் ஒரு யோசனை செய்தான். காலையில் ஆற்றுத் தண்ணீர், சாயங்காலம் கடல் தண்ணீர். இருவருக்கும் சமமாகப் பாதிப் பாதி நாள்!

காலையில் வெள்ளித்துரை மல்லாந்து கிடந்தது. சாயங்காலம் ஆற்றரசு மல்லாந்து கிடந்தது. மத்தியானத்தில் இரண்டும் சேர்ந்து திட்டின.

குண்டுமணி மூலையிலிருந்து கூப்பிட்டாள். “ஏ முழியா! பாசியைப் பார்த்தியா? ஓரமெல்லாம் பழுத்துப் போச்சு. குஞ்சுங்க அரை வயிறா நிக்குது.”

“பொறு குண்டுமணி! விருந்தாளி இருக்கிற நேரம்!”

“விருந்தாளி ரெண்டு மாசமாவா இருப்பான்?”

“சத்தம் போடாதே, அவங்க காதுல விழப்போகுது!”

குண்டுமணி ஊதத் தொடங்கினாள்.

பாதி நாள் திட்டம் சரிப்படவில்லை என்றதும் முழியனுக்கு அதைவிட அருமையான திட்டம் ஒன்று உதித்தது. குட்டைக்கு நடுவே ஒரு சேற்றுச் சுவர்! மேற்குப் பாதி ஆற்றரசுக்கு, கிழக்குப் பாதி வெள்ளித்துரைக்கு. மூன்று நாள் சேறு சுமந்தான். வாயெல்லாம் புண். சுவர் எழும்பியது.

“அவன் பக்கம் பெரிசா இருக்கே!” என்றது ஆற்றரசு.

“அவன் பக்கம்தான் நிழல் விழுது!” என்றது வெள்ளித்துரை.

அப்படியானால் குஞ்சுகள் எந்தப் பக்கம்? முழியன் அதை யோசிக்கவே இல்லை. ஆற்றரசு வாலை வீசினால் குஞ்சுகள் கிழக்கே ஓடும். வெள்ளித்துரை முறைத்தால் மேற்கே ஓடும். சுவரில் விட்டிருந்த சின்ன இடைவெளியில் நாற்பதும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. மடவைக் குஞ்சுகளுக்கு உப்புக் கூடினாலும் தாங்கும், குறைந்தாலும் தாங்கும். தாங்குகிறவர்களை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

குண்டுமணி இதைச் சொல்லத்தான் கிளம்பி வந்தாள். வருகிற வழியிலேயே கோபம் வந்துவிட்டது. இடைவெளிக்குள் நுழைந்தவள் அங்கேயே ஊதிச் சிக்கிக்கொண்டாள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை.

“முழியா! அடேய் முழியா! உன் சுவத்துல தீயை வைக்க! பாசி கறுத்துப் போச்சுடா! போய்ப் பாருடா!”

“நாளைக்குப் பார்க்கிறேன். நாளைக்கு நண்டு வருது! நம்ம குட்டையைப் பார்க்க வரச் சொல்லியிருக்கேன்! ரெண்டு பேரையும் பளபளன்னு நிக்கச் சொல்லணும்!”

குண்டுமணி கோபத்தை விட்டால் இறங்கலாம். விட மனசு வரவில்லை. ராத்திரி சுவர் தானாகக் கரைந்து விழுந்த பிறகுதான் வெளியே வந்தாள்.

சுவர் கரைந்ததில் விடியும்போது குட்டை முழுக்க ஒரே கலங்கல். வெள்ளித்துரை முணுமுணுத்தது: “நண்டு முன்னால நான் நிக்கணும்னா எனக்கு நல்ல கடல் தண்ணி வேணும்!” முழியன் கடல்வாயை அகலமாகத் திறந்து விட்டான். தண்ணீர் ஏறியது. சேறு கொண்டுவந்து அடைக்கப் போனவனை ஆற்றரசு கூப்பிட்டது. “காலைச் சாப்பாடு என்ன ஆச்சு?” முழியன் பூச்சி பிடிக்க ஓடினான். கடல்வாய் திறந்தே கிடந்தது. கடல் ஏறி நின்று, பிறகு வடியத் தொடங்கியது.

வெயில் ஏறியதும் நண்டு பக்கவாட்டில் நடந்து வந்து சேர்ந்தது.

“பாருங்க!” என்றான் முழியன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். “இவர் ஆற்றரசு. இவர் வெள்ளித்துரை. நம்ம குட்டையிலதான் தங்கியிருக்காங்க!”

நண்டு கண்ணை உயர்த்திப் பார்த்தது. “அடேயப்பா! என்னங்க, இடம் எப்படி இருக்கு?”

“இடமா இது?” என்றது ஆற்றரசு. “வந்த நாளா ஒரு நாள்கூட நல்ல தண்ணி கிடையாது.”

“சாப்பாடும் நேரத்துக்கு வராது” என்றது வெள்ளித்துரை. “கவனிப்பே போதாது. வேற வழியில்லாம இருக்கேன்.”

இரண்டுக்கும் இத்தனை நாளில் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். முழியனின் நெஞ்சு உள்ளே போய்விட்டது.

நண்டுக்கே பாவமாக இருந்தது. பேச்சை மாற்றப் பார்த்தது. “அது கிடக்கட்டும் முழியா. மடவைக் குஞ்சுங்க எங்கே? வரிசையா வாலாட்டிக்கிட்டுப் பாசி மேயுமே! நான் அதைப் பார்க்கத்தான் வந்தேன்.”

“அதையா?”

“பின்னே? இந்தக் காட்டுல வேற எந்தக் குட்டையில அப்படி மேயுது? அன்னைக்கு ஏதோ வயித்தெரிச்சல்ல பேசிட்டேன். அதையா மனசுல வச்சிருக்கே?”

முழியன் திரும்பிப் பார்த்தான். பாசி மெத்தை இருந்த இடத்தில் கறுப்பாக என்னவோ உரிந்து மிதந்தது. குஞ்சுகளைக் காணோம்.

மேற்கே போனான். இல்லை. கிழக்கே போனான். கடல்வாய் திறந்து கிடந்தது. தண்ணீர் சலசலவென்று வெளியே வடிந்துகொண்டிருந்தது.

“வெளியில மேய்ச்சல் தேடிப் போயிருக்கும்” என்றாள் குண்டுமணி. இந்தத் தடவை அவள் குரல் ஏறவில்லை. “பசி முழியா.”

நண்டு மெதுவாகச் சொன்னது: “வர்ற வழியில கொக்குங்க கும்பலா நின்னுச்சு. எதுக்குன்னு தெரியலை.”

முழியன் பாய்ந்தான். சேற்றில் அவ்வளவு வேகமாக எந்த உளுவையும் தத்தியிருக்காது. வெளியே கடல் வடிந்து வெறும் சேறு மின்னியது. அலையாத்தி வேருக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு பள்ளம். அதில் ஒரு விரல் ஆழத் தண்ணீர். அதற்குள் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று துள்ளின. சுற்றிலும் கொக்குகள்.

நண்டு பின்னாலேயே வந்து இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு பள்ளத்தின்முன் நின்றது. “கிட்டே வந்தா காலைக் கத்தரிச்சிடுவேன்!”

கொக்குகள் ஓர் அடி பின்வாங்கின. அவ்வளவு போதும். முழியன் கன்னம் நிறையத் தண்ணீரை இழுத்து, அதில் இரண்டு குஞ்சுகளை அடக்கிக்கொண்டு குட்டைக்கு ஓடினான்.

அங்கே குட்டையும் வடிந்துகொண்டிருந்தது. குண்டுமணி நேராகக் கடல்வாய்க்குப் போனாள். தன்னை யார் கேட்டார்கள், எத்தனை முறை சொன்னோம், யார் காதில் வாங்கினார்கள் என்று எல்லாவற்றையும் ஒருமுறை நினைத்தாள். பந்தாக ஊதினாள். வாய் கச்சிதமாக அடைபட்டது. தண்ணீர் நின்றது.

முழியன் கரைமேல் ஏறிக் குதித்துக் குஞ்சுகளை விட்டான். திரும்ப ஓடினான். திரும்ப வந்தான். நான்காவது தடவை வரும்போது ஆற்றரசு வழியை மறித்தது.

“மதியச் சாப்பாடு எங்கே?”

முழியனால் பதில் சொல்ல முடியாது. வாயில் குஞ்சு இருந்தது.

“கேக்குறேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“என்ன திமிர் பார்!” என்றது வெள்ளித்துரை. “விருந்தாளிக்குப் பதில்கூடச் சொல்றதில்லை. தண்ணி வேற குறைஞ்சுபோச்சு. இதை யார் கேக்குறது?”

முழியனின் கண் இரண்டும் தெறித்து விழுந்துவிடும்போல் நின்றன. அத்தனை கோபம் அவனுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. திட்ட முடியவில்லை. குஞ்சை இறக்கிவிட்டுத் திரும்பவும் ஓடினான். நேரம் இல்லை.

கடைசித் தடவை போனபோது பள்ளத்தில் தண்ணீர் இல்லை. ஈரம் மட்டும் இருந்தது. மிச்சமிருந்த ஒரே ஒரு குஞ்சைத் தூக்கி வந்தான். எண்ணினான். இருபத்து மூன்று. திரும்பவும் எண்ணினான். இருபத்து மூன்றுதான். மற்ற பதினேழையும் அவன் வருவதற்கு முன்பே கொக்குகள் கொத்தியிருந்தன.

அதன் பிறகு அவன் விருந்தாளிகளிடம் வந்தான்.

“கடல் ஏறுது. கடல்வாயைத் திறக்கப் போறேன். வெள்ளித்துரை அந்த வழியா. ஆற்றுவாயும் திறக்கிறேன். ஆற்றரசு அந்த வழியா.”

“எங்களைப் போகச் சொல்றியா? நாங்க போனா உன் குட்டைக்கு என்ன மதிப்பு இருக்கு?” என்றது ஆற்றரசு.

“எங்க கடல்ல போய்ச் சொல்லுவேன்! ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான்!” என்றது வெள்ளித்துரை.

“சொல்லுங்க. தயவு செஞ்சு சொல்லுங்க!”

வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் “போயிட்டு வாங்க” என்பதுதான் வழக்கம். முழியன் அப்படிச் சொல்லவில்லை. “போங்க” என்றான்.

இரண்டும் போயின. ஒன்று ஆற்றில் இறங்கியதும் சுகமாக நீந்திற்று. இன்னொன்று கடலில் இறங்கியதும் சுகமாக நீந்திற்று. குட்டையைத் திட்டுவதை மட்டும் இரண்டும் விடவில்லை.

முழியன் வாய் இரண்டையும் அடைத்துவிட்டுக் குஞ்சுகளிடம் வந்தான்.

“இவ்வளவு பசியை வச்சுக்கிட்டு ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?”

குஞ்சுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்று சொன்னது: “நீங்க எங்களைக் கேக்கவே இல்லையே மாமா. தினமும் அவங்களைத்தான் கேட்டீங்க.”

மறுநாள் விடிந்ததும் ஒரு மடக்குத் தண்ணீரைக் கன்னத்தில் அடக்கி ருசி பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பதத்துக்குக் கொண்டுவந்தான். பத்து நாளில் சேற்றின்மேல் பச்சை படர்ந்தது. இருபத்து மூன்றும் மேய்ந்தன. வரிசை மட்டும் பாதியாகத் தெரிந்தது.

தைப் பௌர்ணமிக்குக் கடல் ஏறியதும் தாய் மடவை வந்தாள்.

“அண்ணே! நல்லா இருக்கீங்களா? பிள்ளைங்க எங்கே?”

குஞ்சுகள் ஓடி வந்தன. அவள் ஒவ்வொன்றாக முகர்ந்தாள். கடைசிக் குஞ்சு வந்த பிறகும் அவள் முழியனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மத்ததெல்லாம் வருதா அண்ணே?”

முழியனின் கண் கடல்வாய்ப் பக்கம் போய் நின்றது.

அவள் புரிந்துகொண்டாள். சத்தம் போடவில்லை. சண்டை பிடிக்கவில்லை. அவள் சண்டை பிடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இருபத்து மூன்றையும் கூட்டிக்கொண்டு கடல்வாய் வழியாகப் போனாள். போகும்போது “வரேன் அண்ணே” என்று சொல்லவில்லை.

குட்டை வெறிச்சோடிவிட்டது. முழியன் தத்தித் தத்தி அந்த மூலைக்குப் போனான். குண்டுமணி நத்தையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“குண்டுமணி.”

“என்ன?”

“உனக்கு... தண்ணி எப்படி இருக்கு?”

நத்தை அவள் வாயிலிருந்து விழுந்தது.

“நாலு வருஷமா இந்தக் குட்டையில கிடக்கேன்! இன்னைக்குத்தான் கேக்கணும்னு தோணுச்சா உனக்கு?”

அவள் பந்தாக ஊதிவிட்டாள். அன்று சாயங்காலம்வரை இறங்கவில்லை. முழியன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

ஆகவே, குறை சொல்லியே திரிகிறவரைத் திருப்திப்படுத்த ஓடுகிறவன், குறை சொல்லாமல் கூடவே இருந்தவரை இழந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பான்.